ஷீலா யாருக்கு

பிப்ரவரி வெயிலில் எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவளிடம் நல்ல வார்த்தை எதிர்பார்ப்பது மடத்தனம். முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். டெர்வ்லா நர்ஸ் உடுப்போடு உள்ளே வந்தாள். ஒரு காலை வணக்கம் கிடையாது. நேராகக் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவை மூடுடி. பாலெல்லாம் கெட்டுப்போகும்."

"கெடட்டும். ஊனா உண்டாயிருக்காளாம், நோரீன்."

ஊனா அவளுடைய தங்கை. அயர்லாந்தில், மேயோவில், பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். புருஷன் பாட்ரிக், இருபது மாடு, அறுபது ஆடு, ஓயாத மழை. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான், பக்கத்துக் கோவில் பங்கு. ஆஸ்திரேலியாவில் இந்தப் பெர்த்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இங்கே வந்து சேருகிற எங்கள் ஊர்ப் பெண்களெல்லாம் என் சமையற்கட்டில் வந்துதான் மூக்குச் சிந்துவார்கள்.

"நல்ல சேதிதானேடி?"

"அஞ்சு மாசமாம். நேத்துத்தான் சொல்றா. கூடப் பொறந்தவகிட்ட சொல்ல அஞ்சு மாசம்! கால்நடை டாக்டருக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"உனக்குத்தானே முதல்ல பொறக்கப்போவுது. அப்புறம் என்ன?"

அவள் தலையை வெளியே எடுத்தாள். கன்னமெல்லாம் சிவந்து கிடந்தது. "பேரு, நோரீன்," என்றாள். "பொண்ணாப் பொறந்தா ஊனாவும் அந்தப் பேரத்தான் கேப்பா."

அந்தப் பேர் ஷீலா. அவர்கள் அம்மாவின் பேர். மூத்த பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டியின் பேர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பெல்லாம் அக்கா தங்கை நாலு பேரும் அவரவர் மூத்த பெண்ணுக்கு அதே பேரை வைத்தார்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் நாலு ஷீலா ஓடிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் வயிறு எரியவில்லை. இந்தத் தலைமுறைக்கு மட்டும் பேர் என்பது ஒரே ஒரு சாவி உள்ள வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் டெர்வ்லாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவள் அம்மா செத்தது கொரோனா நோய்க்காலத்தில். இந்த மாநிலத்து எல்லையை இழுத்து மூடியிருந்தார்கள். போனால் திரும்ப முடியாது, போகவும் விமானம் இல்லை. எங்கள் பங்குக் கோவில்களில் மேலே ஒரு கேமரா வைத்திருப்பார்கள், நடக்க முடியாத கிழடுகள் வீட்டிலிருந்தே பூசை பார்க்கட்டும் என்று. அந்தக் கேமராவில்தான் டெர்வ்லா தன் அம்மாவின் அடக்கத்தைப் பார்த்தாள். சாயங்காலம், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, நானும் அவள் புருஷன் காஹலும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று சட்டம். சவப்பெட்டியைத் தூக்க ஆள் பத்தாமல் ஊனாவே முன்பக்கம் தோள் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, மெதுவாக நடந்து கேமராவுக்கு வெளியே போய்விட்டாள். அப்புறம் வெறும் பெஞ்சுகள்தான் தெரிந்தன.

அன்றைக்கே டெர்வ்லா தங்கையிடம் போனில் கேட்டாள். "கனமா இருந்துதா?"

"இல்ல. ஒண்ணுமே இல்ல," என்றாளாம் ஊனா.

அந்த "ஒண்ணுமே இல்ல" டெர்வ்லாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. கையில் இருக்கிறவளுக்கு அது ஒன்றுமில்லை. இல்லாதவளுக்கு அல்லவா தெரியும். "அம்மாவ அவ தோள்ல வச்சிருந்தா, நோரீன். நான் லேப்டாப் கண்ணாடில பாத்தேன்," என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அம்மாவின் கடைசி வருஷமும் வீடும் கதவுக்குப் பின்னால் தொங்குகிற மேலங்கியும் ஊனாவுக்குப் போயாயிற்று. பேராவது எனக்கு வேண்டும் என்பது இவள் கணக்கு.

இதில் ஒரு கூத்து உண்டு. பிள்ளை பிறக்கும் முன் தள்ளுவண்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவள் வாங்கிய தள்ளுவண்டி என் வீட்டுக் கார் கொட்டகையில்தான் துணி போர்த்தி நின்றது. ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் கேட்பதும் அபசகுனம் என்று கேட்கவில்லை. ஆனால் எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுகிற மாதிரி பேரை மட்டும் வைத்தாயிற்று, அதற்கு எழுத்தும் பார்த்தாயிற்று.

எழுத்தில்தான் காஹலுக்கும் அவளுக்கும் சண்டை. காஹல் சுவர் பூசுகிறவன். கோடையில் கலவை கரணையிலேயே இறுகிவிடும் என்று விடியுமுன் போய், மத்தியானம் கண் இமையெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவான். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே நாற்பது டிகிரி கொளுத்துகிறது, உள்ளே இவள் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் வேகவைத்திருக்கிறாள். ஆவியில் ஜன்னலெல்லாம் வியர்த்திருந்தது.

"இங்கிலீஷ்காரன் எழுதற மாதிரி எழுதினா இந்த ஊர்ல சிரிப்பானுங்க," என்றான் காஹல். "இங்க ஷீலான்னா பொம்பளைன்னு அர்த்தம். பஸ்ஸுல போறவ, கடையில நிக்கறவ, எல்லாருமே ஷீலா."

"நான் ஏன் அப்படி எழுதப்போறேன்? நம்ம ஐரிஷ் பாஷை எழுத்துல எழுதுவேன். எஸ், ஐ, எல், ஈ. ஐ மேல சாய்கோடு. அம்மா பிரார்த்தனைப் புத்தகத்துல அப்படித்தான் எழுதி வச்சிருந்தா."

"அப்ப 'சைல்'னு படிப்பானுங்க. அந்தக் கோட்டத் தூசின்னு தொடச்சிருவானுங்க. பாவம், புள்ள ஆயுசு முழுக்க ரெண்டுல ஒரு அடி வாங்கணும்."

"உன் பேர இங்க ஒருத்தன் ஒழுங்காச் சொல்றானா? கேத்தல், கேத்தல்ங்கறானுங்க. நீ செத்தா போயிட்ட?"

காஹல் என்னைப் பார்த்தான். நான் உருளைக்கிழங்குத் தோலை உரிப்பதில் மும்முரமாக இருந்தேன். புருஷன் பெண்சாதி சண்டையில் வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

அப்போதுதான் போன் அடித்தது. ஊனா. டெர்வ்லா அதை வெண்ணெய்க் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள். தங்கச்சி மாட்டுக்கொட்டகை பூட்ஸோடு அடுப்படியில் நிற்பது தெரிந்தது.

இரண்டு பேரும் முதலில் வயிற்றைக் காட்டிக்கொண்டார்கள். சிரித்தார்கள். அதற்கப்புறம் டெர்வ்லா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "பேரு ஏதாவது பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? பொண்ணுன்னா அம்மா பேர்தான்."

"அது நான் வைக்கப்போற பேர், ஊனா. நான் மூத்தவ."

"மூத்தவன்னா அன்னிக்கு இங்கதானே இருந்திருக்கணும்."

"விமானமே ஓடல. நான் என்ன, கடல்ல நீந்தியா வந்திருப்பேன்?"

"சரி விடு. அந்த ஊர்ல கொண்டுபோய் எங்கம்மா பேர ஊர்ப் பொம்பளைக்கெல்லாம் பொதுவாக்கப்போறியா? இங்கதான் அந்தப் பேரக் கூப்பிட்டுப் பழக்கம். கொல்லையில நின்னு கூப்பிட்டா மலைவரைக்கும் கேக்கும்."

"எங்கம்மாவா! எப்ப இருந்து அவ உனக்கு மட்டும் அம்மா ஆனா? வீடு உனக்கு. வயல் உனக்கு. அவ மேலங்கிகூட உனக்கு. எனக்குன்னு அவகிட்டருந்து என்னடி இருக்கு?"

"உனக்குக் கேக்கு இருக்கு," என்றாள் ஊனா.

கல்யாணக் கேக்கின் மேல் அடுக்கை வெட்டாமல் எடுத்து வைத்து, முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று வெட்டுவது எங்கள் வழக்கம். டெர்வ்லாவின் கல்யாணத்துக்கு அம்மாவே பழக்கேக்கு சுட்டாள். அந்த மேல் அடுக்கு இன்னும் ஊரில், அலமாரியில், தகரப்பெட்டிக்குள் இருந்தது.

"உன் கல்யாணத்துக்கு அம்மா முன்னாடியே சுட்டு வச்சு, வாராவாரம் விஸ்கி ஊத்தி ஊறப்போட்டா," என்றாள் ஊனா. அவள் குரல் மாறியிருந்தது. "என் கல்யாணத்துக்கு அம்மா இல்ல. டவுன் கடையில வாங்கின ஸ்பாஞ்சு கேக்கு, மேல பிளாஸ்டிக் பூ. உன் பெட்டியத் தொறந்து தொறந்து விஸ்கி தெளிச்சுக் காப்பாத்திட்டு வர்றது யாரு? ஒரு நாளாவது, கேக்கு என்னாச்சு ஊனான்னு கேட்டிருக்கியா?"

"அதைத் தொட்டுடாதே."

"எனக்குப் பொண்ணு பொறந்தா நானே வெட்டுவேன். பேர நீ எடுத்துக்க, கேக்க நான் எடுத்துக்கறேன்!"

போன் இருண்டது. டெர்வ்லா முட்டைக்கோஸைக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டே இருந்தாள். "பாத்தியா நோரீன், பொறாமை! அவளுக்கு எப்பவும் என்மேல பொறாமை," என்றாள். நான் இரண்டு வீட்டுப் பொறாமையையும் மனசுக்குள் தராசில் வைத்துப் பார்த்தேன். முள் ஆடவே இல்லை.

மார்ச் மாதம் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். ஒன்பது பவுண்டு, தலை நிறையச் செம்பட்டை முடி. ஆண்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்று மருத்துவச்சியிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினாளாம். டெர்வ்லா அழுதாள். எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பிள்ளைமேல் அவளுக்குக் குறை இல்லை. மார்பைவிட்டு இறக்கமாட்டாள். ஆனால் அவனுக்குப் பேர் இல்லை. ஷீலாவுக்காகப் போட்ட சண்டையில், ஆண்பிள்ளைக்கு என்று ஒரு பேர்கூட யாரும் யோசித்து வைக்கவில்லை. காஹலோடு சுவர் பூசுகிற பையன்கள் ஆளுக்கொரு பேர் சொல்லி அனுப்பினார்கள். ஒன்றை எழுத முடியவில்லை, ஒன்றைச் சொல்ல முடியவில்லை, ஒன்று காஹலின் பழைய முதலாளி பேர். அதுவரை "அவன்" என்றே கூப்பிட்டோம். கடைசியில் காஹலின் அப்பா பேரையே வைத்தார்கள். டோனல். அதில் ஓ மேல் வரவேண்டிய சாய்கோட்டைக்கூட விட்டுவிட்டார்கள். அவ்வளவு சண்டை போட்டவள், "எப்படி வேணா எழுதிக்க," என்று காஹலிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊனா வாழ்த்துச் சொல்லி இரண்டு வரி அனுப்பினாள். இவள் ஒரு வரி பதில் போட்டாள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வாய்ப்பூட்டு.

ஒரு நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது டெர்வ்லா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஊனாவுக்கும் பையனாப் பொறக்கணும்னு மெழுகுவர்த்தி ஏத்தினேன். பாவமா நோரீன்?"

"எத்தன ஏத்தின?"

"ரெண்டு."

"ஒண்ணுன்னா பாவம். ரெண்டுன்னா திமிரு."

அவள் சிரிக்கவில்லை. "அவளுக்கும் கெடைக்கக் கூடாது. எனக்குக் கெடைக்கல இல்ல? அப்ப அந்தப் பேர் சும்மா கெடக்கட்டும்," என்றாள். கோவில் வாசலில் நின்றுகொண்டு, மார்பில் தங்கமான பிள்ளையை அணைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அவளை ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஜூன் மாதம் ஊனாவுக்குப் பெண் பிறந்தது. படம் வந்தது. கம்பளித் தொப்பிக்குள் சுருங்கிய முகம், கீழே பேர். எஸ், ஐ, எல், ஈ. ஐ மேல் சாய்கோடு.

டெர்வ்லா போனை என் மாவுக் கையில் திணித்தாள். "பாரு! ஆயுசு பூரா ஊனா அம்மா பேர இங்கிலீஷ் மாதிரிதான் எழுதுவா. இந்த எழுத்து நான் பாத்து வச்சது. பேர எடுத்தா, எழுத்தயும் எடுத்துக்கிட்டா!"

"நல்ல எழுத்துன்னு தோணியிருக்கும். வாழ்த்துச் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்," என்றாள். சொல்லவில்லை.

மழைக்காலம் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள் சாயங்காலம், நான் அவள் வீட்டில் டோனலுக்குத் துண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். ஊனா கூப்பிட்டாள். டெர்வ்லாவின் கையெல்லாம் சோப்பு. நான்தான் போனை எடுத்து அலமாரியில் நிறுத்தினேன். தப்பிக்க வழியில்லாமல் அவள் தங்கையைப் பார்த்தாள்.

"புள்ளையோட ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயா நீ இருக்கணும்," என்றாள் ஊனா. சுற்றிவளைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏன், அங்க ஆளே இல்லையா?"

"நெறய இருக்காங்க. நான் உன்னைக் கேக்கறேன். உன் சார்பா பாட்ரிக்கோட தங்கச்சி புள்ளயத் தூக்கிக்குவா. சாமியார்கிட்ட பேசிட்டேன்."

டெர்வ்லா பிள்ளையின் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் ஊனா மூச்சை இழுத்தாள்.

"அன்னிக்கு நீ கேட்ட இல்ல, கனமா இருந்துதான்னு. ஒண்ணுமே இல்லன்னேன். பொய் சொன்னேன், டெர்வ்லா. தோள் மாத்த ஆள் இல்ல. கோவில்லருந்து கல்லறை வரைக்கும் நானே. ரெண்டு வாரம் இந்தத் தோள் நீலம் பாரிச்சுக் கெடந்துது, பால் வாளியத் தூக்க முடியல. தூரத்துல இருக்கா, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

"சரி," என்றாள் டெர்வ்லா. "இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு.

போன் வைத்தபிறகு பிள்ளையைத் தூக்கி என் துண்டில் கிடத்தினாள். "நீலமா இருந்துதாம், நோரீன். ரெண்டு வாரம்," என்றாள். இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்து நான் அவள் முதுகைத் தடவப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "அதையும் என்கிட்ட காட்டாம அவளே வச்சுக்கிட்டா," என்றாள்.

ஞானஸ்நானத்துக்கு நாலு நாளைக்கு முன்னால் ஒரு பார்சல் வந்தது. ஆட்டுமயிர்க் காலுறைகள், தேயிலை, அதற்கு நடுவில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் பாதிக் கேக்கு. கத்தி நேராக இறங்கியிருந்தது. சர்க்கரைப் பூவைக்கூடப் பாதியாக வெட்டியிருந்தாள். காகிதத்தைத் திறந்ததுமே விஸ்கியும் உலர்திராட்சையும் கலந்த வாசனை அடுப்படி முழுக்கப் பரவியது. காஹல் விரலால் ஒரு துணுக்கைத் தொடப் போனான். டெர்வ்லா அவன் கையில் ஓர் அடி வைத்தாள்.

அங்கே ஞாயிறு மத்தியானப் பூசை முடிகிற நேரம் இங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. கூரைமேல் மழை. அதே மேசை, அதே லேப்டாப். டெர்வ்லா தலை வாரி, நல்ல உடுப்பு போட்டு, காதில் தன் கல்யாணத்துக்கு அம்மா போட்டுவிட்ட தோடு போட்டு உட்கார்ந்திருந்தாள். டோனல் என் மடியில். பக்கத்தில் போன், ஊனாவோடு பேச. காஹல் நாற்காலியை இழுத்துப் போட்டபடி சொன்னான், "கோவில் படம் கொஞ்சம் பின்னாடிதான் வரும். அரை நிமிஷம் லேட்டு."

அந்தக் கோவில் மறுபடி வந்தது. அதே கோணம், அதே பெஞ்சுகள். அன்றைக்குப் பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியை நகர்த்தி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை கோவில் நிறைந்திருந்தது. டெர்வ்லா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் சாமியாரின் குரல் முன்னாலேயே வந்தது. "இந்தக் குழந்தைக்கு என்ன பேர் வைக்கிறீங்க?"

பதில் சொல்ல வேண்டியவள் ஊனா. அவள் சொல்லவில்லை. ஏதோ உரசல் கேட்டது. பிறகு அவள் குரல், "அதோட ஞானத்தாய் சொல்லுவா, பாதர்." போனை அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது; கோவிலின் இருமலெல்லாம் பெரிதாகக் கேட்டது.

டெர்வ்லாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவள் கண்ணில் ஓடியதை நான் பார்த்தேன். அந்த ஒரு கணம் பேர் அவள் கையில் இருந்தது. மேரி என்று சொல்லலாம், பிரிஜிட் என்று சொல்லலாம், நிறைந்த கோவிலில் தங்கச்சி மூக்கை அறுக்கலாம். அவளால் முடியும். நான் டோனலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஷீலா," என்றாள் டெர்வ்லா. யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவை, கொல்லையில் நின்று கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொன்னாள். "ஷீலா!"

பிறகு நாங்கள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. சாமியார் இனிமேல்தான் கேட்கப் போகிறார். கேட்டார். ஊனா போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள், அன்றைக்குப் பெட்டி சுமந்த அதே தோள் பக்கத்துக் கையால். கோவில் அமைதியாக இருந்தது. அதற்குள்ளிருந்து, கல்சுவரில் மோதி, டெர்வ்லாவின் குரல் வந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் உரக்க. முன்பெஞ்சில் இருந்த கிழவிகள் இரண்டு பேர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். ஊனா கையை இறக்கவே இல்லை. அவள் தோள் குலுங்குவது கேமராவிலேயே தெரிந்தது.

டெர்வ்லா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. மூக்கை மட்டும் ஒருதரம் உறிஞ்சினாள். கேக்குப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக் கத்தியைக் கையில் எடுத்தாள். வெட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பேர முதல்ல கூப்பிட்டது நான்தானே, நோரீன்?"

"நீதான்டி," என்றேன்.